மணப்பாடு பீச்சுக்கு கிளம்புறீங்களா? அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது... கடலில் இறங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

லீவு விட்டால் போதும், ஏரல், ஆறுமுகநேரி, சாயர்புரம் பக்கத்து இளைஞர்களின் பைக்குகள் கடற்கரையை நோக்கித் திரும்பிவிடும். திருச்செந்தூர் கோயில் கடலில் கூட்டம் அதிகம் என்பதால், இன்னும் 18 கி.மீ. தெற்கே போய் மணப்பாட்டில் இறங்குபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்று, அதன் மேல் வெள்ளைத் தேவாலயம், கீழே உருண்டு வரும் நீளமான அலைகள். இன்ஸ்டா ரீல்ஸில் பார்ப்பவர்கள் 'இது நம்ம ஊரா?' என்று கேட்கும் இடம்.

அலைச்சறுக்கு, விண்ட் சர்ஃபிங், கைட் சர்ஃபிங் ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டின் தென்கோடியில் பேர் சொல்லும் இடமும் இதுதான். ஆனால் அந்த அலை எங்கிருந்து வருகிறது, எந்த நாளில் அது விளையாட்டு, எந்த நாளில் அது ஆபத்து என்பது கரையில் நின்று பார்த்தால் மட்டும் தெரியாது. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளில்தான் மோசமான அலை வந்த சம்பவங்கள் இருக்கின்றன.

2024 மே 6-ம் தேதி காலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அன்று புயல் இல்லை. கன்னியாகுமரி கடலில் காற்றழுத்தத் தாழ்வும் இல்லை. ஆனால் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. அந்த வார்த்தையை அன்றுதான் தமிழ்நாட்டில் பலர் முதல்முறை கேள்விப்பட்டார்கள்.

கள்ளக்கடல் என்றால் என்ன?

இது கேரள மீனவர்கள் வைத்த பெயர். கள்ளன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் கரை ஏறும் கடல். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல் உலகச் சொல் ஆன மாதிரி, இது நம் பக்கத்துச் சொல்.

சுனாமிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வருவது. புயல் நேரத்தில் கடல் ஊருக்குள் வருவது அந்தப் புயலின் காற்று தள்ளுவதால். கள்ளக்கடலுக்கு உள்ளூரில் எந்தக் காரணமும் இருக்காது. பல ஆயிரம் கி.மீ. தெற்கே, அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள கடலில் பெரிய சூறாவளிக் காற்று அடிக்கும். அங்கே எழுகிற அலைகள் நீண்ட அலைகளாக மாறி வடக்கு நோக்கிப் பயணம் செய்து, ஒரு வாரம் கழித்து நம் கரையில் மோதும்.

2024 மே மாத அலையின் பிறப்பிடத்தை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்கோய்ஸ்) விளக்கியது. தெற்கு அட்லாண்டிக்கில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு ஏப்ரல் கடைசியில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்து, இந்தியக் கரையில் இருந்து சுமார் 10,000 கி.மீ. தூரத்தில் வலுவடைந்தது. அதில் கிளம்பிய அலைகள்தான் மே முதல் வாரத்தில் இங்கே வந்து சேர்ந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாக வரும். 18 முதல் 20 விநாடிக்கு ஒன்றாக வரும் நீண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 முதல் 56 கி.மீ. வேகத்தில் நகரும். நம்ம ரூட் பஸ் வேகம்தான். ஆனால் எங்கும் ஸ்டாப் கிடையாது, ராத்திரியும் ஓடும். 10,000 கி.மீ. தாண்ட ஏழெட்டு நாள் ஆகும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அலை கிளம்பியதும் தெரிந்துவிடுவதால், அது இங்கே வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்கோய்ஸ் 2020-ல் இதற்கென்றே தனி முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. அதாவது எச்சரிக்கை வருகிறது. கடலுக்குப் போகிறவர்தான் அதைப் பார்ப்பதில்லை.

ஏன் ஏப்ரல், மே மாதங்களில் அதிக கவனம்?

தெற்கு அரைக்கோளத்தில் ஏப்ரல், மே மாதங்களில் குளிர்காலம் நெருங்கும்; அங்கே புயல்கள் வலுவடையும். இங்கே அதே சமயம் தென்மேற்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. கச்சான் காற்று இறங்கியிருக்காது. கடல் குளம் மாதிரி கிடக்கும். பழைய காலத்தில் தூத்துக்குடி பகுதியில் முத்துக்குளிப்பு நடந்ததும் கடல் அடங்கிக் கிடக்கும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான்.

நமக்கு அது முழுப்பரீட்சை லீவு காலமும்கூட. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத நாள்களில், குடும்பம் குடும்பமாக மக்கள் கடலுக்குப் போகிறார்கள். அமைதியான கடல், லீவு, தூரத்தில் இருந்து வரும் நீண்ட அலை மூன்றும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன.

அலை உயரம் 1 மீட்டர்தானே, பயப்படணுமா?

இதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம். வானிலை செயலியைத் திறந்தால் 'அலை உயரம் 1 மீட்டர்' என்று இருக்கும். இடுப்பளவுதானே என்று கிளம்பிவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் விநாடியில் இருக்கும். ஒரு அலை வந்து அடுத்த அலை வர எடுக்கும் நேரம் அது. 'பீரியட்' என்று குறிப்பிட்டிருப்பார்கள். கடலுக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

6 விநாடி என்றால் பக்கத்தில் அடிக்கும் காற்று கிளப்பிய குட்டை அலை. ஆழ்கடலில் ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 56 மீட்டர்தான் இருக்கும். 16 விநாடி என்றால் அந்த இடைவெளி சுமார் 400 மீட்டர். பின்னால் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். உயரம் இரண்டுக்கும் அதே 1 மீட்டராக இருந்தாலும், 16 விநாடி அலை சுமக்கும் சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கும் மேல். கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறையும்போது அது எழும்பி, மணலில் ரொம்ப தூரம் மேலே ஏறி, அதே வேகத்தில் திரும்பி இழுக்கும். கரையில் நின்றவரையும் கொண்டுபோவது இந்தத் திரும்பும் தண்ணீர்தான்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். 8 விநாடிக்குக் கீழே இருந்தால் உள்ளூர் காற்று அலை. 12 விநாடிக்கு மேல் போனால் தூரத்தில் இருந்து வரும் அலை. அலைச்சறுக்கு வீரர்களுக்குக் கொண்டாட்டம், குளிக்கப் போகிறவருக்கு எச்சரிக்கை. 16-ஐத் தாண்டி, உயரமும் கூடினால் குழந்தைகளோடு தண்ணீர் ஓரத்துக்கே போக வேண்டாம்.

இன்னொரு விஷயம். முன்னறிவிப்பில் வரும் உயரம் அதிகபட்ச உயரம் கிடையாது. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் போடுகிறார்கள். 1 மீட்டர் என்று போட்ட நாளில் ஏதோ ஒரு அலை 2 மீட்டருக்குப் பக்கத்தில் வரலாம். அது எப்போது வரும் என்று எந்தச் செயலியும் சொல்லாது.

மணப்பாட்டு அலை எப்படி உருவாகிறது?

கன்னியாகுமரியில் இருந்து திருச்செந்தூர் வரை கடற்கரை வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. கிழக்கே இலங்கை மறைத்து நிற்பதால் வங்கக்கடல் அலை நேராக இங்கே வராது. தெற்கே மட்டும் வாசல் திறந்தே கிடக்கிறது. அந்த வாசல் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் நுழையும் தெற்கத்தி அலை, மணப்பாட்டுக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் மோதி, அதைச் சுற்றி வளைந்து உடைகிறது. ஒரே இடத்தில் படாரென்று விழாமல், ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வரிசையாக உடைந்துகொண்டே வரும். பலகையில் ஏறி நிற்பவருக்கு நீண்ட சவாரி கிடைப்பது அதனால்தான். இலங்கையின் அறுகம்பை அலையும் இதே குடும்பம். அங்கேயும் முனையைச் சுற்றித்தான் அலை உடைகிறது.

இதனால் ஒரே ஊரில் இரண்டு கடல். குன்றின் தென்பக்கம் திறந்த கடல், அடி நேராக விழும். வடபக்கம் வளைந்து ஒதுங்கியிருப்பதால் அடக்கமாக இருக்கும், படகுகள் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வடபக்கத்தைப் பார்த்துவிட்டு, அதே நினைப்பில் தென்பக்கம் போய் இறங்குவதுதான் தப்பு.

பக்கத்திலேயே கருமேனியாறு கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் மணல் திட்டு ஒவ்வொரு பருவத்துக்கும் இடம் மாறும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். போன வருஷம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வருஷம் ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாக இருக்கலாம். 'நான் ஏற்கெனவே இங்க குளிச்சிருக்கேன்' என்பது இந்த ஊரில் செல்லாது.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை காற்று தணியும், அலையும் பொதுவாகச் சிறியது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஏற்ற காலம்.

ஏப்ரல், மே பற்றி மேலே சொல்லியாச்சு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே பருவக்காற்று தென் மாவட்டங்களைத் தாண்டி இந்தக் கடலுக்கும் வருகிறது. கைட் சர்ஃபிங், விண்ட் சர்ஃபிங் ஆட்கள் இந்த மாதங்களுக்காகத்தான் காத்திருப்பார்கள். ஆனால் இங்கே அந்தக் காற்று தரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத் தண்ணீர் வழுவழுவென்று அழகாகத் தெரியும். காற்றடைத்த டியூப், மெத்தை மாதிரி மிதவைகளில் ஏறி விளையாடுபவர்களை அது சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிடும். திரும்பி நீந்தினால் காற்று எதிரே. இந்த மாதங்களில் குழந்தைகளுக்கு டியூப் வாங்கிக் கொடுத்து கடலில் விடவே கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று, மழை, கலங்கிய கடல். 2023 டிசம்பர் வெள்ளத்தை ஏரல் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி ஏரல் பஜாருக்குள் வந்தது. பெருமழைக்குப் பிறகு சில நாள்களுக்கு கழிமுகம் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் பாயும் வேகமும், அதில் மிதந்து வரும் முள்ளும் மரமும் மேலே தெரியாது.

எங்கே பார்ப்பது, எதை நம்புவது?

முதலில் இன்கோய்ஸ். அதன் இணையதளத்திலும் 'சமுத்ரா' செயலியிலும் கடல் நிலை, உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகள் மாவட்ட வாரியாக வரும். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, ராமநாதபுரம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றுக்கு எச்சரிக்கை இருந்தாலே மணப்பாட்டுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். அலைக்கு மாவட்ட எல்லை தெரியாது.

அடுத்து சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர்களுக்கான எச்சரிக்கை. 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் பலத்த காற்று' என்ற வரியைச் செய்தியில் தினமும் கேட்டுக் கேட்டு காது பழகிவிட்டது. அந்த மன்னார் வளைகுடாவில்தான் மணப்பாடு இருக்கிறது. மீனவர் கடலுக்குப் போக வேண்டாம் என்ற நாளில் நீச்சல் தெரியாதவர் எதற்குப் போக வேண்டும்? தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியிலும் எச்சரிக்கைகள் வரும். தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பேச்சே இல்லை, பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

விண்டி, விண்ட்குரு, சர்ஃப்லைன் போன்ற செயலிகளை அலைச்சறுக்கு ஆட்கள் பயன்படுத்துவார்கள். அலை உயரம், பீரியட், வரும் திசை, காற்று நான்கையும் மணிக்கணக்கில் காட்டும். வசதியான விஷயம்தான். ஆனால் அவை கணினி போடும் கணக்கு. பல கி.மீ. கட்டம் ஒன்றுக்கு ஒரு எண் என்று தரும். கருமேனியாறு வாயில் நேற்று மணல் எங்கே சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

அது தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கரையில் வலை சரிசெய்துகொண்டு இருக்கும் மீனவரிடம் கேளுங்கள். 'அண்ணாச்சி, நீவாடு எப்படி இருக்கு? எந்தப் பக்கம் இறங்கலாம்?' என்று கேட்டால் சொல்லுவார். நீவாடு என்பது கடலடி நீரோட்டத்துக்கு இந்தக் கடற்கரையில் உள்ள சொல். அவர் 'இன்னைக்கு வேண்டாம் தம்பி' என்றால் அதற்கு மேல் செயலியைத் திறக்கத் தேவையில்லை. படகு உள்ளே போயிருக்கிறதா, கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்களா என்பதும் ஒரு பதில்தான்.

கரைக்குப் போனதும் என்ன செய்யணும்?

நேரே தண்ணீரில் ஓடாமல் 20 நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். தூரத்து அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை வந்து அடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் ஒன்றுமே இல்லாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவருக்கு கடல் அமைதியாகத் தெரியும். அவர் இடுப்பளவுக்குப் போய் நிற்கும்போது அடுத்த கூட்டம் வரும்.

மணல் எதுவரை ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மேலே ஈரம் இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அலை அங்கே வந்து போயிருக்கிறது. பாறைக்கும் அதே கணக்கு. நனைந்த பாறையில் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பதுதான் மிக ஆபத்தான வேலை.

பௌர்ணமி, அமாவாசை நாள்களில் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று அடிக்கடி செய்தி வரும். பாறைகள் வெளியே தெரிய, மக்கள் அதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள். இந்தப் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை மட்டமாக இருக்கும் இடத்தில் அதுவே பல அடி தூரம் பின்வாங்கிய மாதிரித் தெரியும். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பும். அன்றைக்கு நீண்ட அலையும் இருந்தால் சும்மா திரும்பாது.

ஆற்றில் நல்லா நீந்துவேன், கடலில் முடியாதா?

ஏரல் பக்கத்தில் வளர்ந்த பையன்களில் பலர் தாமிரபரணியில் நீச்சல் பழகியவர்கள். பாலத்தில் இருந்து குதித்து அக்கரை போய் வருவார்கள். அந்த தைரியம் கடலில் கொஞ்சம் எதிராக வேலை செய்யும். ஆற்றில் ஓட்டம் ஒரே திசை, இரண்டு பக்கமும் கரை. கடலில் அலை கரைக்குத் தள்ளும் தண்ணீர் எல்லாம் எங்கேயாவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடத்தைத் தேடி, குறுகிய ஓடை மாதிரி கடலை நோக்கி ஓடும். 'ரிப் கரண்ட்' என்று இதைச் சொல்கிறார்கள். வேகமான ரிப் விநாடிக்கு 2 மீட்டர் வரை ஓடும். நீச்சல் வீரரே எதிர்த்து நீந்த முடியாது.

இதில் விஷமம் என்னவென்றால், ரிப் ஓடும் இடத்தில் ஆழம் இருப்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவே மட்டும் கருத்த, அமைதியான தண்ணீர் தெரியும். குடும்பத்தோடு வருகிறவர்கள் 'இங்க அலை இல்லை' என்று தேர்வு செய்வது அந்த இடத்தைத்தான். நுரையோ குப்பையோ கடலை நோக்கி நகர்ந்தால் அது ரிப். பாறை, முனை, கழிமுகம் ஆகியவற்றை ஒட்டி அது நிரந்தரமாகவே இருக்கலாம். மணப்பாட்டில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். மூச்சு தீர்ந்துபோவதுதான் ஆளைக் கொல்லும். ரிப் ஆளைக் கீழே இழுப்பதில்லை, உள்ளே கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை அடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும்.

காப்பாற்றப் போகிறவர் செய்யும் தப்பு இன்னொன்று. தம்பி மூழ்குகிறான் என்று அண்ணன் குதிப்பார், அண்ணனுக்காக அப்பா குதிப்பார். ஒருவர் போன இடத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். குதிக்கும் முன் மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள். மூடி போட்ட காலி தண்ணீர் கேன் ஒரு ஆளைத் தாங்கும். சத்தம் போட்டு மீனவரைக் கூப்பிடுங்கள், அவர்களிடம் படகு இருக்கிறது. கரைக்குக் கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து நெஞ்சை அமுக்கும் முதலுதவிதான் வேலை செய்யும். போன் செய்ய வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

வெளிநாட்டு சர்ஃபிங் ஊர்களில் எப்படி?

போர்ச்சுகலின் நசாரே அட்லாண்டிக் கரையில் உள்ள சின்ன மீனவ ஊர். கடலடியில் உள்ள பெரும் பள்ளத்தாக்கு அலையைக் குவித்து எழுப்புவதால், உலகின் மிகப்பெரிய அலைகள் அங்கே வரும். 2020 அக்டோபரில் ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டூட்னர் அங்கே சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர். அது உலக சாதனை. அப்படிப்பட்ட நாட்டில் குளிப்பதற்கென்று கடற்கரையைப் பிரித்து, பருவ காலத்தில் உயிர்காப்பாளரை நிறுத்தி, கொடி ஏற்றுவார்கள். பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் காலை நனைக்கலாம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. வருகிற பயணி அலையின் பீரியட் எல்லாம் படிக்க வேண்டியதில்லை, கொடியைப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டிலும் அலைச்சறுக்கு வளர்ந்துவிட்டது. சென்னை அருகே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் நடத்தும் பயிற்சிப் பள்ளி, மாமல்லபுரத்தில் 2023-ல் சர்வதேசப் போட்டி, 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப், அதில் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலம் என்று பட்டியல் நீள்கிறது. போட்டிகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சம், மணப்பாடு மாதிரி ஊர்களில் தினமும் ஒரு கொடி ஏற்றுவதற்கும் கொடுக்கலாம். அதுவரை இங்கே வருகிறவர்கள் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்கக் கூடாது.

சறுக்கிப் பார்க்க ஆசையா?

பயிற்சியாளர் இல்லாமல் பலகையை எடுக்காதீர்கள். யூடியூப் பார்த்துப் பழகுவதற்கு பாறை முனை சரியான இடம் இல்லை. முதல்முறை என்றால் மெத்தென்ற பலகை, இடுப்பளவு அலை, மணல் தரை போதும். பலகையைக் காலோடு கட்டும் கயிறு கட்டாயம். விழும்போது தலைகீழாகப் பாயாமல், தட்டையாக விழப் பழகணும். வலை போட்டிருக்கும் பக்கமும், படகு இறக்கி ஏற்றும் பாதையும் மீனவர்களுடையது. அங்கே பலகையோடு குறுக்கே போகக் கூடாது. சொறி கரை ஒதுங்கும் நாள்களில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. மணலில் புதைந்திருக்கும் திருக்கையை மிதிக்காமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடங்கள்.

எப்படிப் போவது?

ஏரலில் இருந்து குரும்பூர், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாக சுமார் 40 கி.மீ., ஒரு மணி நேரப் பயணம். வெளியூர்க்காரர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் திருச்செந்தூர், விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். செப்டம்பர் 14-ம் தேதி திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டி மணப்பாட்டிலும், தசராவுக்குக் குலசையிலும் கூட்டம் நெரியும். அந்த நாள்களில் சறுக்கு ஆசையோடு வந்தால் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது.

கிளம்பிய பிறகு எச்சரிக்கை வந்துவிட்டது என்றால் பயணம் வீண் இல்லை. பெரிய அலை நாளில் குன்றின் மேலே நின்று பார்ப்பதுதான் மணப்பாட்டின் நல்ல காட்சி. 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயமும், 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அங்கேயே இருக்கின்றன. குகைக்கு இறங்கும் வழி கடலை ஒட்டிப் போகிறது என்பதால், அன்றைக்கு அதை மட்டும் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தூரத்து அலை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும்.